அடர்நிறக் காரில் உப்புத் தண்ணீர்ப் புள்ளிகள்: போக்குவதும் வராமல் தடுப்பதும்

கறுப்புக் காரைக் கழுவி வெயிலிலேயே காயவிட்டால், சற்று நேரத்தில் பானட் முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைத் தடங்கள் தெரியும். சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று அதே தண்ணீரை ஊற்றி மறுபடி கழுவினால், காய்ந்ததும் புள்ளிகள் இன்னும் கூடிவிடும். அது கழுவாமல் விட்ட அழுக்கு இல்லை. கழுவிய தண்ணீர் விட்டுவிட்டுப் போன உப்பு.

நிலத்தடி நீரிலும் பெரும்பாலான குழாய் நீரிலும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. இவை அதிகமாக உள்ள நீரைத்தான் கடினநீர் என்கிறோம். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 120-க்கு மேல் கடினநீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினநீர் என்று பொதுவாக வகைப்படுத்துகிறார்கள். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் கண்ணுக்குத் தெரியாது. துளி ஆவியாகும்போது கரியமில வாயு வெளியேறி, அந்தப் பைகார்பனேட் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் பெயிண்டில் ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே பொருள்தான்.

தடம் ஏன் வளையமாக இருக்கிறது? துளியின் ஓரம் மெல்லியது. முதலில் காய்வது அங்கேதான். காய்ந்த இடத்தை நிரப்ப நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், கரைந்த உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு. கடைசியில் உப்பில் பெரும்பகுதி விளிம்பில் குவிந்துவிடுகிறது.

வெள்ளைக் காரிலும் இதே அளவு உப்புதான் படிகிறது; வெள்ளை மேல் வெள்ளை என்பதால் கண்ணில் படுவதில்லை. கறுப்பு, அடர்நீலம், கரும்பச்சை, அடர்சிவப்பு நிறங்களில் துளித்துளியாகத் தெரியும். இதோடு முடிந்தால் வெறும் தோற்றப் பிரச்சினை என்று விட்டுவிடலாம். அடர்நிறம் வெயிலை அதிகமாக உறிஞ்சுகிறது என்பதுதான் தொல்லை. கடும் வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானட் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் துளி சில நிமிடங்களில் காய்கிறது, படிவு இறுகுகிறது, பெயிண்டோடு நடக்கும் வேதிவினையும் வேகமெடுக்கிறது.

துளி ஒரு லென்ஸ் போல வெயிலைக் குவித்துப் பெயிண்டைச் சுட்டுவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. பரப்பில் ஒட்டியிருக்கும் தட்டையான துளியின் குவிமையம் அந்தப் பரப்புக்கும் கீழே விழும். ஒளி பெயிண்டின் மீது ஒரு புள்ளியில் குவிவதே இல்லை. கெடுப்பது உப்பும் சூடும் நேரமும்தான்.

மேலே இருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா?

எந்த மருந்தைக் கையில் எடுப்பது என்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். புள்ளி போகவில்லை என்று தேய்த்துத் தேய்த்துப் பெயிண்டைக் கெடுத்தவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு இருக்கிறது. தொழிற்சாலையில் அடிக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிமன். ஒரு காகிதத் தாளில் பாதிதான். பளபளப்பைத் தருவதும், புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுவே. தண்ணீர்ப் புள்ளி முதல் கட்டத்தில் இந்த அடுக்கின் மேல் வெறும் படிவாக உட்கார்ந்திருக்கும். துடைக்காமல் விட்டு, வெயிலும் பனியும் மாறி மாறிப் பட்டால், அடுத்த கட்டத்தில் அது கிளியர் கோட்டை அரிக்கத் தொடங்கும். புகை மண்டிய பகுதிகளில் பெய்யும் மழை கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளால் அமிலமாகிவிடுவதால் அரிப்பு இன்னும் சீக்கிரம் வரும். அரித்த இடம் ஒரு நுண்ணிய பள்ளம். உப்பை முழுதும் கரைத்து எடுத்த பின்னும் அந்தப் பள்ளத்தின் வடிவம் வளையமாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. காரைக் கழுவித் துடைத்து, நிழலில் ஆறவிடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பையின் ஊடாகத் தடவும்போது வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். சொரசொரவென்று இருந்தால் படிவு மேலே இருக்கிறது. வழவழப்பாக இருந்தும், டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் வளையம் தெரிகிறது என்றால், அது உள்ளே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதை உறுதி செய்வது அடுத்து வரும் அமில வேலைதான்: அமிலத்துக்கு அசையாதது பள்ளம், அல்லது அமிலத்தில் கரையாத சிலிக்கா, அதாவது மணலில் உள்ள பொருள்.

முதலில் கழுவுதல், பிறகு அமிலம்

அமிலத்தை அழுக்குக் காரின் மேல் போடக் கூடாது. தூசியின் மேல் துணி வைத்துத் தேய்த்தால் அது உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடும். இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் பிஎச் நடுநிலையான கார் ஷாம்பு கரைசல், மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் கழுவும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். சக்கரத்தை ஒட்டிய பகுதி கடைசி. கழுவியதும் துடைத்துவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய மிதமான அமிலம் வெள்ளை வினிகர். சமையலுக்கு விற்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் 5 சதவீத அளவில் இருக்கும். 250 மில்லி வினிகரோடு 250 மில்லி வாலைவடிநீர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், சேர்த்தால் ஒரு காருக்குப் போதும். இங்கே குழாய்த் தண்ணீரைக் கலந்தால், எதை எடுக்கப் போகிறோமோ அதையே கொஞ்சம் கொண்டுபோய் வைக்கிறோம் என்று பொருள். வினிகர் கிடைக்காவிட்டால் சிட்ரிக் அமிலத் தூள் 20 கிராமை 1 லிட்டர் வாலைவடிநீரில் கரைத்தால் 2 சதவீதக் கரைசல் கிடைக்கும். எலுமிச்சைச் சாறு வேண்டாம். அமிலம் இருந்தாலும் சர்க்கரையும் சக்கையும் சேர்ந்து வரும், எவ்வளவு வீரியம் என்பதும் பழத்துக்குப் பழம் மாறும்.

கார் நிழலில் நிற்க வேண்டும். உலோகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். யார் கண்ணுக்கும் படாத ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

கரைசலை நேராகப் பெயிண்டில் தெளிப்பதைவிட, மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துப் புள்ளிகளின் மேல் விரித்து வைப்பது மேல். வழிந்து ஓடாது, காயவும் காயாது. ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். கால்சியம் கார்பனேட்டும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து, நீரில் நன்றாகக் கரையும் கால்சியம் அசிட்டேட்டாக மாறுகின்றன. படிவு கனமாக இருந்தால் துணியை எடுக்கும்போது ஊசிமுனை அளவில் குமிழிகளைக்கூடப் பார்க்கலாம், வெளியேறும் கரியமில வாயு அது. துணியின் ஈரமான இன்னொரு பக்கத்தால், அழுத்தாமல், ஒரே திசையில் துடைத்தெடுங்கள். வட்டமாகச் சுற்றித் தேய்க்காதீர்கள். உடனே நீரால் அலசித் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். குறைந்திருக்கிறது ஆனால் போகவில்லை என்றால் இன்னொரு முறை. மூன்று முறைக்குப் பிறகும் மாற்றமே இல்லை என்றால் அமிலம் தன் வேலையை முடித்துவிட்டது. நேரத்தைக் கூட்டினாலும் வீரியத்தைக் கூட்டினாலும் அதற்கு மேல் எதுவும் வராது.

பானட்டில் பாதி, கதவு ஒன்று என்று சிறு பகுதியாகச் செய்யுங்கள். அமிலம் பெயிண்டின் மேல் காயவே கூடாது. பாலிஷ் செய்யாத அலுமினியம், குரோம் பட்டைகள், பெயிண்ட் உரிந்து உலோகம் தெரியும் இடங்கள் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் முழுக் காரையும் ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவினால் மிச்ச அமிலமும் போய்விடும். சமையல் சோடாவைத் தூவி நடுநிலையாக்கச் சொல்வார்கள். தேவையில்லை, அந்தத் தூளின் துகள்களே கீறும்.

கடையில் விற்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவர்களும் இதே அமில வழியில் வேலை செய்பவைதான், வழிந்தோடாத ஜெல்லாக வருபவை கையாள எளிது. வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். தோல் வழியாக உள்ளே போய் எலும்புவரை பாதிக்கக்கூடிய விஷம் அது. ஒரு புள்ளிக்காக வீட்டு வாசலில் கையாளும் பொருள் இல்லை. கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அப்படியே. பெயிண்டில் புள்ளியைவிடப் பெரிய தழும்பை விட்டுச் செல்லும். எந்த அமிலத்தையும் பிளீச்சோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வெளிவரும்.

பற்பசை, பாத்திரம் தேய்க்கும் நார், நகம் ஆகியவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கால்சியம் கார்பனேட் படிகம் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால், உடைந்த துகள்களே பெயிண்டைக் கீறும். புள்ளி போய், அந்த இடத்தில் வெயில் பட்டால் சிலந்திவலை போல் மின்னும் கீறல்கள் மிஞ்சும். கறுப்பில் அது புள்ளியைவிட அசிங்கமாகத் தெரியும்.

அமிலத்துக்குப் போகாதவை

அமிலத்துக்குப் பிறகும் சொரசொரப்பு மிச்சம் இருந்தால் கிளே பார், அதாவது ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி, போடலாம். 50 கிராம் துண்டைத் தட்டையாக்கி, வழுக்கிச் செல்வதற்கான லூப்ரிகன்ட் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அதன் எடை மட்டுமே படும்படி நேர்கோட்டில் நகர்த்துங்கள். அழுக்கான பக்கத்தை அடிக்கடி உள்ளே மடித்துவிடுங்கள். கீழே விழுந்த கிளேயைக் குப்பையில் போட்டுவிடுங்கள், மண் ஒட்டியிருக்கும். அமிலத்துக்கு முன்னால் கிளே போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை: கரைக்கக்கூடிய படிகங்களை எதற்காகப் பெயிண்ட் மேல் இழுக்க வேண்டும்?

வழவழப்பாக இருந்தும் வளையம் தெரிந்தால் பாலிஷ்தான் வழி. பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றியுள்ள கிளியர் கோட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்குகிறோம். அதனால்தான் மிக மென்மையானதில் தொடங்க வேண்டும். 40 சென்டிமீட்டர் சதுரத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் சுழன்றும் ஊசலாடியும் தேய்க்கும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ் (மிக நுண்ணிய துகள் உள்ளது). பேடில் பட்டாணி அளவில் 3 அல்லது 4 சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, 6 வேகம் உள்ள இயந்திரமானால் 4-க்கு ஏற்றி, நொடிக்கு 2, 3 சென்டிமீட்டர் என்ற நிதானத்தில், முந்தைய தடத்தைப் பாதி மூடியபடி 4 முதல் 6 முறை ஓட்டுங்கள். துடைத்துவிட்டு, 20 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கரைசலால் எண்ணெயை எடுத்த பிறகே டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் பள்ளத்தை நிரப்பி, எல்லாம் போய்விட்டதுபோல் காட்டும். இரண்டு முறை கழுவியதும் வளையம் திரும்பி வந்து நிற்கும்.

போகவில்லை என்றால் ஒரு படி மட்டும் ஏறுங்கள், நடுத்தர பேடும் பாலிஷும். பானட், கதவுகளின் விளிம்புக் கோடுகளில் கிளியர் கோட் மெல்லியது, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மறுபெயிண்ட் அடித்த கார் என்றால் தடிமன் மானியால் அளந்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கண்ணுக்குப் பள்ளமாகவே தெரியும் ஆழமான புள்ளிகளைத் துரத்தாதீர்கள். புற ஊதாத் தடுப்பு வேதிப்பொருள் கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. சில மைக்ரான்களுக்கு மேல் இழைத்தால், இன்று பளபளக்கும் பானட் சில ஆண்டுகளில் வெளிறி உரியத் தொடங்கும். 80 சதவீதம் மறைந்த புள்ளியோடு வாழ்வது, கிளியர் கோட் போன காரோடு வாழ்வதைவிட நல்லது. உப்புத்தாள் போட்டு இழைக்க வேண்டிய நிலை என்றால் கைதேர்ந்தவர்களிடம் விடுங்கள்.

கண்ணாடியில் உள்ள புள்ளிக்கும் முதலில் வினிகர் முறைதான். போகாவிட்டால் சீரியம் ஆக்சைடு பாலிஷ். கண்ணாடிக்கு வாங்கியதைப் பெயிண்டில் போடாதீர்கள்.

தண்ணீரைத் தானாகக் காயவிடாதிருத்தல்

தடுப்பது என்பது தண்ணீரைக் காரின் மேல் ஆவியாக விடாமல் இருப்பது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் அரை லிட்டர் காரின் மேல் தங்கிக் காய்ந்தால், 150 மில்லிகிராம் உப்பு அங்கேயே நிற்கிறது. அதே அரை லிட்டரைத் துணி உறிஞ்சிக்கொண்டால் உப்பும் துணியோடு போய்விடும்.

அதிகாலையோ மாலையோ, நிழலில், பானட் ஆறிய பிறகு கழுவுங்கள். ஓட்டி வந்த கையோடு கழுவினால் என்ஜின் சூட்டிலேயே பானட் காய்ந்துவிடும். வெயில் காலத்தில் முழுக் காருக்கும் ஷாம்பு போட்டுவிட்டு அலசத் தொடங்கினால் முதலில் போட்ட பகுதி அதற்குள் காய்ந்திருக்கும். ஒரு பகுதியை முடித்து அலசிவிட்டு, அடுத்ததைக் கழுவும்போதும் முந்தையதை நனைத்துக்கொண்டே இருங்கள்.

கடைசி அலசலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஹோஸின் முனையில் உள்ள நாசிலைக் கழற்றிவிட்டு, கூரையின் மேற்பகுதியிலிருந்து தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள். பீய்ச்சினால் ஆயிரக்கணக்கான துளிகள் தெறித்து நிற்கும். வழியவிட்டால் தண்ணீர் ஒரே படலமாகச் சேர்ந்து, துளிகளையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கும், துடைக்க வேண்டியது வெகுவாகக் குறைந்துவிடும். பிறகு அகலமான, அடர்ந்த மைக்ரோஃபைபர் டவலை விரித்து வைத்து இழுங்கள். டவல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் இன்னும் நன்றாக உறிஞ்சும். பிறகு இன்னொரு உலர்ந்த துணி.

துடைத்து முடித்த காரில் கால் மணி நேரம் கழித்து வரும் புள்ளிகள்தான் எரிச்சல் மூட்டுபவை. சைடு மிரரின் கூடு, கதவுக் கைப்பிடியின் பின்பக்கம், பெட்ரோல் மூடி, டெயில் லாம்ப்பின் இடுக்கு, எழுத்துச் சின்னங்கள், கதவின் கீழ்விளிம்பு: இங்கெல்லாம் தண்ணீர் ஒளிந்திருந்து பிறகு கோடாக வடியும். புளோயர் இருந்தால் முதலில் இவற்றை ஊதிவிட்டுக் காரின் உடம்பைத் துடையுங்கள். இல்லாவிட்டால் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, கதவுகளையும் டிக்கியையும் திறந்து ஒருமுறை துடையுங்கள்.

தண்ணீரையே மாற்றலாமா? பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரில் அளந்து பாருங்கள். அது கரைந்துள்ள எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையை மட்டுமல்ல. இங்கே குழப்பம் ஒன்று வருகிறது. வீட்டு வாட்டர் சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தருகிறது. மொத்த உப்பு குறைவதில்லை. காய்ந்தால் புள்ளி வரத்தான் செய்யும். ஆனால் சோடியம் உப்பு தண்ணீரில் எளிதாகக் கரைவதால் ஈரத்துணிக்கே போய்விடும். புள்ளியே வரக் கூடாது என்றால் அயனி நீக்கிய நீர், அதாவது கரைந்த உப்புகளை எடுத்துவிட்ட நீர், வேண்டும். ரெசின் (உப்பைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) நிரப்பிய டிஐ, அதாவது அயனி நீக்கும், சிலிண்டர் வழியாக வரும் நீரில் மீட்டர் 0 காட்டும். துடைக்காவிட்டாலும் தடம் விழாது. முழுக் கழுவலுக்கும் அதைச் செலவழிக்க வேண்டாம். கடைசி அலசலுக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். உள்ளே வரும் நீரில் உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் ரெசின் தீரும். மீட்டர் 0-விலிருந்து ஏறத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஏசியிலிருந்து சொட்டும் நீரும் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் உப்பு மிகக் குறைவு. மீட்டரில் அளந்து, துணியில் வடிகட்டி, தேங்கவிடாமல் அன்றே பயன்படுத்தினால் கடைசி அலசலுக்கு நன்றாகவே உதவும்.

செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சைப் போட்டுவிட்டால் புள்ளியே வராது என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். கோட்டிங் நீரை விரட்டுவதால் அது உயரமான உருண்டைத் துளிகளாக நிற்கிறது. சரிந்த பகுதிகளில் உருண்டோடிவிடும். கூரையிலும் பானட்டிலும் நின்றுவிட்டால், ஒவ்வொரு துளியும் தன் உப்பு முழுவதையும் சிறிய வட்டத்துக்குள் விட்டுச்செல்லும், புள்ளி முன்பைவிடத் திட்டவட்டமாகத் தெரியும். கோட்டிங்கின் உண்மையான பயன் வேறு: அரிப்பு முதலில் அந்த அடுக்கில் விழுகிறது, கிளியர் கோட் தப்புகிறது, படிவும் எளிதில் கழன்றுவருகிறது. வாக்ஸுக்கும், சீலன்ட் என்ற செயற்கைப் பாதுகாப்புப் பூச்சுக்கும் இதே வேலைதான். வாக்ஸ் சில வாரங்கள், சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். அமிலமோ பாலிஷோ போட்ட இடத்தில் பழைய பாதுகாப்பு போயிருக்கும் அல்லது பலவீனமாகியிருக்கும், அங்கே புதிதாகப் போட்டே ஆக வேண்டும்.

தோட்டத்துத் தெளிப்பான் எட்டும் இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் நிலத்தடி நீர், தினமும் அதே பக்கத்தில், பிறகு வெயில்: கதவில் வரும் ஆழமான அரிப்புகளுக்கு இதுவே அடிக்கடி காரணம். அப்படி நனைந்த காரைப் பார்த்தால், துளி ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சும் துணியை மேலே போட்டு ஒற்றி எடுங்கள். காய்ந்துவிட்டிருந்தால் உலர்துணியால் தேய்க்காமல், தெளித்துத் துடைக்கும் திரவமான குயிக் டீடெய்லரையோ வாலைவடிநீரையோ தாராளமாகத் தெளித்து, அரை நிமிடம் ஊறவிட்டு, அழுத்தாமல் துடைத்தெடுங்கள். அதற்கும் போகாததை அன்றைக்கோ மறுநாளோ வினிகரால் எடுத்துவிடுங்கள், அடுத்த வார இறுதிக்குத் தள்ளாதீர்கள்.